வாசல் புங்கன்: மூன்றாவது கோடை வரை

வர்தா புயலில், 2016 டிசம்பரில், எங்கள் மடிப்பாக்கம் தெருவில் மூன்று மரங்கள் விழுந்தன. இரண்டு குல்மோஹர், ஒரு தூங்குமூஞ்சி. அதன்பிறகு மதிய வெயில் நேராக வாசற்படி வரை வரும்.

2019 ஏப்ரலில் ஒரு வேப்பங்கன்று வைத்தேன். நட்ட மாதமே தப்பு. அதிலும் அது ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற வருடம். கன்றுக்கென்று ஒரு குடம் ஊற்ற மனசு வரவில்லை. அக்னி நட்சத்திரம் முடியுமுன் விறகுக்குச்சியாகிவிட்டது.

அடுத்தது 2022 செப்டம்பர். இந்த முறை புங்கன், நாலடிக் கன்று. ஐப்பசி மழைக்குள் வேர் பிடிக்கட்டும் என்று கணக்குப் போட்டு, மின்கம்பி போகாத பக்கமாகப் பார்த்து வைத்தேன். குழி வெட்ட ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. கடப்பாரைக்கு மண்ணைவிடச் செங்கல் துண்டும் டைல்ஸ் சில்லும்தான் அதிகம் அகப்பட்டன. செம்மண், மக்கிய எரு, இரண்டு கை வேப்பம்புண்ணாக்கு. கவரைக் கிழித்தால் அடியில் வேர் வளையம் வளையமாகச் சுற்றியிருந்தது. அப்படியே நட்டால் அந்தச் சுற்றிலேயே தடித்து, பிற்பாடு பெருங்காற்றுக்கு மரம் நிற்காது. வர்தாவை நினைத்துக்கொண்டு, சுற்றின வேரைக் கத்தரித்துவிட்டு வைத்தேன்.

2023 கோடைக்குத் தண்ணீர் வழி ஏசியில் கிடைத்தது. நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு ராத்திரி முழுக்க ஓடினால் காலையில் அரை பக்கெட்டுக்குக் குறையாது. உப்பில்லாத தண்ணீர் வேறு. கீழ்வீட்டு மாமி இதைப் பார்த்துவிட்டுத் தன் ஏசிக் குழாயையும் நீட்டி விட்டார். அதுவரை எங்களுக்குள் கார் நிறுத்தும் தகராறு மட்டும்தான் பேச்சு.

நடுவில் இலையெல்லாம் கொப்புளம் கொப்புளமாக வந்தது. பதறிப்போய் வேப்பெண்ணெய் அடித்தேன். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் செய்கிற வேலையாம், புங்கனுக்கு அது சளி பிடித்த மாதிரிதான். எண்ணெய் தண்டம்.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல். மூன்று நாள் முழங்கால் தண்ணீர். ஆற்றங்கரை மரமாயிற்றே, நிற்கும் என்று நம்பினேன். நின்றது, ஊன்றுகோல்தான் சாய்ந்தது. ஆனால் பிப்ரவரியில் இலை பழுத்து உதிர ஆரம்பித்து, பத்தே நாளில் மொட்டை. வேர் அழுகிவிட்டது என்றே முடிவு கட்டினேன். போகிற வருகிறவர்களும் துக்கம் விசாரித்தார்கள். ஒரு நாள் காலையில் கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகக் கீறினேன். உள்ளே பச்சை, ஈரமாக. நகத்தில் ஒட்டிக்கொண்ட அந்த ஈரத்தை மாமியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்! மார்ச்சில் தாமிர நிறத்தில் தளிர் விட்டது, வெயில் ஏறுவதற்குள் எல்லாம் பளபளவென்று பச்சை. மற்றவர் நிழலைத் தேடுகிற மாதத்தில் புது இலையோடு நிற்பதால்தான் புங்க நிழலுக்கு அவ்வளவு பேர்.

இப்போது 2025 மே. பன்னிரண்டு அடி இருக்கும். ஒற்றை மரத்தால் சென்னைக் காற்று சுத்தமாகிவிட்டது என்றெல்லாம் அளக்க மாட்டேன். ஆனால் மதியம் இரண்டு மணிக்கு ஸ்கூட்டர் சீட்டில் துணி போடாமல் உட்கார முடிகிறது. பெரும்பாலும் நிழல்தான் காரணம், கூடவே வேர் உறிஞ்சிய தண்ணீரை இலை ஆவியாக விடுகிற குளிர்ச்சியும் கொஞ்சம். எனக்கும் காலையில் போனை எடுப்பதற்கு முன் பக்கெட்டை எடுக்கிற பழக்கம் வந்துவிட்டது.

பூ இன்னும் வரவில்லை. பொரி இறைத்த மாதிரி தரையில் கிடக்குமே, அதற்கு இன்னும் இரண்டொரு வருடம் ஆகலாம். அதற்குள் முனையில் நின்ற இஸ்திரி வண்டி போன வாரம் மரத்தடிக்கு வந்துவிட்டது. வந்த அன்றே இஸ்திரிக்காரர், "சார், இந்தத் தாழ்ந்த கொம்பு துணியில இடிக்குது, வெட்டிடலாமா?" என்றார். நான் முடியாது என்றேன். மாமியும் இறங்கி வந்து என் பக்கம் பேசினார். கடைசியில் கொம்பை வெட்டாமல் பழைய கொடிக்கயிறு போட்டு மேலே தூக்கிக் கட்டியிருக்கிறோம்.