நம்பகநிலை என்றொரு கட்டம்

மீன்வள மதிப்பீட்டறிக்கை அச்சேறிய பிறகும், இறுதிக் கூட்டத்தில் எங்கள் புள்ளியியலாளர் கேட்ட கேள்வி என்னை விட்டபாடில்லை. மீனவப் பெரியவர் ஒருவர் சொன்ன தகவலை ஆய்வுத் தரவுகளோடு ஒரே அட்டவணையில் சேர்த்த நான், அதற்கு நேரே இருந்த 'நம்பகநிலை' கட்டத்தை மட்டும் வேண்டுமென்றே காலியாக விட்டிருந்தேன். "மற்ற ஒவ்வொரு வரியையும் துருவித் துருவிக் கேட்கிறோம். இவரை மட்டும் கேட்காமல் விடுவது மரியாதையா, அல்லது இவர் சொல்வதை அறிவாகவே நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லையா?" என்றார் அவர்.

என்னிடம் காரணம் இருந்தது. வெளியான கட்டுரைகளின் எண்ணிக்கையையும் மாதிரியின் அளவையும் வைத்தே அந்தக் கட்டம் நிரப்பப்படுகிறது. அந்த அளவுகோலில், ஆயுள் முழுவதும் கடலைக் கவனித்தவரின் சொல்லுக்கு 'குறைவு' என்பதைத் தவிர வேறு மதிப்பு கிடைக்காது. 1977இல் பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் அலாஸ்காவின் பூர்வகுடிகளான இனுபியாக் மக்கள் போஹெட் திமிங்கிலங்களை வேட்டையாடுவதற்குத் தடை விதித்தபோது, பனி விளிம்பில் நின்று கண்ணால் எண்ணிய கணக்கே பெரிதும் நம்பப்பட்டது. கண்ணுக்குத் தெரியாமல் பனிக்கு அடியிலும் அவை கடந்து போகின்றன என்று வேட்டைக்காரர்கள் சொன்னது, பின்னர் நீருக்கடியில் வைத்த ஒலிவாங்கிகளால் உறுதியானது, கணக்கும் உயர்ந்தது. இதைத்தான் அன்று கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன்.

ஆனால் இதே நிகழ்வு புள்ளியியலாளர் பக்கமும் பேசுகிறது. வேட்டைக்காரர்களின் சொல்லைச் சோதிக்கத் தகுந்த ஒன்றாக மதித்ததால்தானே கணக்கு மாறியது? அந்தக் கணக்கெடுப்பை முன்னின்று நடத்தியதும் அம்மக்களின் உள்ளாட்சி அமைப்புதான் என்பதை எண்ணும்போது, சோதனை வேண்டாம் என்று நான் பெரியவர் சார்பில் முடிவெடுக்கலாமா என்ற ஐயம் வருகிறது.

பெரியவர் சொன்னது இவ்வளவுதான்: "முதல் நாள் மழை பெய்து தண்ணீர் கலங்கியிருந்தால் அந்த இடத்தில் மீன் கூடும், மழையே இல்லாமல் கலங்கியிருந்தால் நம்பிப் போகாதே." தன் அறிவுக்கான நம்பகநிலையை அவரே வகுத்துக் கொடுத்திருந்தார். அட்டவணையில் முதல் பாதி ஏறியது; இரண்டாம் பாதிக்கு இடமில்லை, ஏனெனில் அந்தக் கட்டம் ஒற்றைச் சொல்லை மட்டுமே ஏற்கும். ஒற்றைச் சொல்லில் அடக்குவதைவிடக் காலியாக விடுவதே நேர்மை என்றுதான் இன்றும் நினைக்கிறேன், முன்பிருந்த உறுதியோடு அல்ல.

அடுத்த பதிப்பின் வரைவைப் பெரியவரிடம் படித்துக் காட்டி, எங்கள் எண்களையும் அவர் கேள்வி கேட்க வழிசெய்ய வேண்டும் என்று கோரியிருக்கிறேன். புள்ளியியலாளர் அதை உடனே ஏற்றுக்கொண்டார். அந்தக் கட்டத்தை யார் நிரப்புவது என்பதில் மட்டும் நாங்கள் இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.