கல்லும் வரமும்

தமிழ் சார் தவறிவிட்டார் என்ற செய்தி மெல்பர்னுக்கு வந்த கையோடு நம் பழைய மாணவர் மலர்க் குழுவிலிருந்தும் கூப்பிட்டார்கள். "நீங்கதான் எழுதணும்" என்றார்கள். ஏன் நான் என்று நம் செட்டில் யாரும் கேட்க மாட்டார்கள்.

1978, ஐந்தாம் படிவம், பள்ளி விட்ட பிறகு நடக்கும் தமிழ் வகுப்பு. சார் ஒன்பதாவது குறளை நடத்திக்கொண்டிருந்தார். 'எண்குணத்தான்' என்பதற்குப் பரிமேலழகர் தரும் எட்டுக் குணங்களையும் பலகையில் எழுதினார். ஏழாவது, முடிவிலாற்றலுடைமை. நான் எழுந்தேன்.

"சார், தன்னாலயே தூக்க முடியாத கல்லைக் கடவுளால படைக்க முடியுமா? முடியும்னா தூக்க முடியாது. முடியாதுன்னா படைக்க முடியாது. எதைச் சொன்னாலும் ஏழாவது குணம் நிக்கலையே சார்."

மணி அடித்துவிட்டது. "நாளைக்கு வச்சுக்குவோம்" என்றார். அதற்குள் பேச்சு வேறொரு ஆசிரியரின் காதுக்குப் போய், மறுநாள் சபைகூடலில் அவர் என்னை மேடைக்கு அழைத்தார். சாமியைக் கேலி செய்தவன் இவன்தான் என்று முழுப் பள்ளிக்கும் காட்டினார். என் அப்பா வருஷா வருஷம் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குக் காவடி எடுத்தவர். நான் பதில் வேண்டித்தான் கேட்டேன். அதைச் சொல்ல எனக்கு வாய்ப்புத் தரவில்லை. கூடல் முடியும்வரை அங்கேயே நின்றேன்.

அன்று மதியம் சார் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பலகையின் இடது ஓரத்திலிருந்து ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கோடுகள் இழுத்தார். மேல் கோடு படைக்கும் ஆற்றல், கீழ்க் கோடு தூக்கும் ஆற்றல்.

"நூறு கிலோவுல கல் படைப்பாரா? தூக்குவார். ஆயிரம்? தூக்குவார். எங்க நிக்கும், தம்பி?"

இரண்டு கோடுகளும் பலகையின் மரச்சட்டத்தைத் தாண்டிச் சுவரில் ஏறின. வெள்ளையடித்த சுவரில் சாக்குக்கட்டி சரியாகத் தெரியவில்லை. அவர் விடாமல் சன்னல் வரைக்கும் கொண்டுபோனார். "எந்தக் கல்லைப் படைச்சாலும் அதைத் தூக்குவார். அதைத்தான் நீ 'தூக்க முடியாத கல்லைப் படைக்க முடியாது'ன்னு திருப்பிச் சொல்றே. இதுல குறை எங்க இருக்கு?"

பிறகு என் பக்கம் திரும்பி, "நல்ல கேள்வி. பெரிய ஆளுங்க எல்லாம் மோதிப் பார்த்த கேள்வி. உட்காரு" என்றார். காலையில் மேடையில் போன மானம் அந்த இடத்தில் எனக்குத் திரும்பிக் கிடைத்தது.

மெல்பர்னில் பொறியியல் படித்த காலத்தில், நூலகத்தில் தத்துவ அலமாரிப் பக்கமே அதிகம் இருந்தேன். 13ஆம் நூற்றாண்டில், நம் மெய்கண்டார் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் தந்த அதே நூற்றாண்டில், கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதைத் தொட்டிருக்கிறார். முக்கோணத்தின் கோணங்கள் இரண்டு செங்கோணத்துக்குச் சமமாகாமல் இருக்கும்படி கடவுளாலும் செய்ய முடியாது என்கிறார். தனக்குத்தானே முரணானது ஒரு பொருளே அல்ல, அதனால் அது ஆற்றலுக்குக் குறை ஆகாது என்பது அவர் கட்சி. பிரெஞ்சுத் தத்துவஞானி டேக்கார்ட் ஒப்பவில்லை, அந்த உண்மைகளையே கடவுள்தான் விதித்தார் என்று 1630இல் கடிதம் எழுதினார். அப்படியானால் தூக்க முடியாத கல்லைப் படைக்க வல்லவர் அதைத் தூக்கவும் வல்லவர்தானே என்று 1964இல் அமெரிக்கத் தத்துவஞானி ஹாரி ஃபிராங்ஃபர்ட் முடித்துவைத்தார். ஆனால் எனக்கு மனநிறைவு தந்தது 1967இல் வேட் சாவேஜ் எழுதிய கட்டுரை. படித்துக்கொண்டே போனால், சார் சுவரில் இழுத்த கோடு! ஆங்கிலக் கட்டுரை எதையும் சார் படித்தவரில்லை. சிவஞான சித்தியாரும் அதன் உரைகளும் படித்துத் தானே யோசித்து அங்கே போய்ச் சேர்ந்தவர்.

ஆனால் சார் அதோடு விடவில்லை. அடுத்த தைப்பூசத்துக்கு நம் தண்ணீர்ப்பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தோம். ரதம் வருகிறது, ரோடெல்லாம் உடைத்த தேங்காய், செருப்பு வழுக்குகிறது. அந்தச் சத்தத்தில் என் காதருகே வந்து சொன்னார்: "கல் சரி தம்பி. வரம்? யார் தலையில கை வச்சாலும் சாம்பலாகணும்னு பஸ்மாசுரனுக்குக் கொடுத்த வரத்தைச் சிவன் திரும்ப வாங்கிக்க முடியுமா? முடியும்னா அது என்ன வரம்?"

இதுதான் கடினமான கேள்வி என்று இன்றும் நினைக்கிறேன். சிட்னியில் பிறந்த தத்துவஞானி மேக்கி 1955இல் கேட்டதும் ஏறக்குறைய இதுதான்: தன்னால் பிறகு கட்டுப்படுத்த முடியாத ஒன்றை எல்லாம் வல்லவர் உண்டாக்க முடியுமா? மனிதனின் சுதந்திரத்தை மனத்தில் வைத்துக் கேட்டார். சைவ சித்தாந்தத்தில் உயிரைக் கடவுள் உண்டாக்குவதே இல்லை. பதியாகிய இறைவனைப் போலவே பசுவாகிய உயிரும் பாசமாகிய தளையும் அநாதி, தொடக்கம் இல்லாதவை. குடத்துக்கு மண் முதற்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று சார் நடத்தியது நினைவிருக்கும். மண்ணைக் குயவன் படைக்கவில்லை என்பதால் அவன் கைத்திறன் குறையாது. ஆனால் உண்டாக்குவதற்குத்தான் இது பதில், கொடுத்த வாக்குக்கு இல்லை என்று அவரே சொல்லுவார்.

தன் சொல்லுக்குத் தானே கட்டுப்படுவதும் ஆற்றல்தான் என்பது என் முடிவு. அதை அவர் எதிரே உட்கார்ந்து சொல்லி, அவர் மறுத்து, நான் மறுபடி மறுத்து, குயின் ஸ்திரீட் கோயில் நடை சாத்தும்வரை பேசியிருக்கலாம். ஊரிலேயே இருந்திருந்தால் நடந்திருக்கும். இங்கே நல்ல வேலை, நல்ல வீடு; இந்தப் பேச்சுக்கு ஆள் இல்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் கல்யாணம், காரியம் என்று நாள் போய்விடும். சாரோடு வாசலில் நின்று பேசியதோடு சரி.

பஸ்மாசுரன் பாடத்தின் கடைசி நாளில் அவர் பலகையில் ஏதோ எழுதிப்போட்டார். அன்று நான் வகுப்பில் இல்லை. வரத்தைச் சிவனாலும் மீட்க முடியாது என்று எழுதினார் என்கிறார் நம்மில் ஒருவர். மீட்கலாம், ஆனால் மீட்க மாட்டார் என்று எழுதினார் என்கிறார் இன்னொருவர். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. 1979ஆம் ஆண்டுக் குறிப்பு நோட்டு யாரிடமாவது இருந்தால், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து மலர்க் குழுவுக்கு அனுப்புங்கள். அடுத்த மலரில் சார் எழுத்தாகவே போடுவோம்.