ஐந்தால் வகுப்பதா, நான்கால் வகுப்பதா?

புள்ளியியலில் புதிதாக நுழைகிறவர்களைக் கணக்கைவிடப் பெயர்கள்தான் அதிகம் குழப்பும். அதிலும் திட்ட விலக்கமும் திட்டப் பிழையும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஆய்வுக் கட்டுரைகளிலேயே ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

ஒரு வேலையை முடிக்க ஐந்து பேருக்கு ஆன நிமிடங்கள் 4, 7, 8, 9, 12 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 40, சராசரி 8. வரிசையில் நடுவில் நிற்கும் இடைநிலை அளவும் 8. கடைசி எண்ணைத் தட்டச்சும்போது 120 என்று விழுந்துவிட்டால் சராசரி 29.6-க்குத் தாவும், இடைநிலை அளவு 8-லேயே நிற்கும். இரண்டுக்கும் பெரிய இடைவெளி தெரிந்தால் முதலில் தரவைத் திறந்து பாருங்கள். தட்டச்சுப் பிழையாக இருக்கலாம், உண்மையாகவே ஒருபக்கம் சாய்ந்த தரவாகவும் இருக்கலாம். காரணம் தெரியாமல் அந்த எண்ணைத் தூக்கி எறியக் கூடாது.

இனி பரவல். ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 8-ஐக் கழித்தால் -4, -1, 0, 1, 4. அப்படியே கூட்டினால் பூஜ்ஜியம்தான் வரும், எந்தத் தரவுக்கும் அப்படித்தான். அதனால் வர்க்கப்படுத்துகிறோம்: 16, 1, 0, 1, 16, மொத்தம் 34. இதை எதால் வகுப்பது?

இந்த ஐந்து பேர் மட்டும்தான் நமக்கு வேண்டியவர்கள் என்றால், அதாவது இவர்களே முழுமைத் தொகுதி என்றால், 5-ஆல். 6.8 வரும், அதன் வர்க்கமூலம் 2.61, இதுதான் திட்ட விலக்கம். பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த மாதிரி என்றால் 4-ஆல். 8.5 வரும், வர்க்கமூலம் 2.92. ஏன் ஒன்றைக் குறைக்கிறோம் என்பதைப் பல பாடங்கள் சூத்திரமாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடும். போட்டுப் பார்த்தாலே புரியும். கூட்டத்தின் உண்மையான சராசரி 9 என்று வைத்துக்கொண்டு அதே விலக்கங்களின் வர்க்கங்களைக் கணக்கிடுங்கள்: 25, 4, 1, 0, 9, மொத்தம் 39. 7 என்று வைத்தாலும் 39-தான். 8-ஐத் தவிர எந்த எண்ணை வைத்தாலும் மொத்தம் 34-ஐத் தாண்டும். மாதிரி தன் சொந்தச் சராசரியிலிருந்து அளக்கும்போது பரவல் பொதுவாக இருப்பதைவிடச் சின்னதாகவே தெரியும். 5-க்குப் பதில் 4-ஆல் வகுப்பது அந்தக் குறையை ஈடுகட்டத்தான். மாதிரியில் 1,000 பேர் இருந்தால் இந்த வித்தியாசம் கண்ணில்கூடப் படாது.

திட்ட விலக்கம் 2.92 என்பது ஆளுக்கு ஆள் நேரம் எவ்வளவு மாறுகிறது என்பதன் அளவு. திட்டப் பிழை கேட்கும் கேள்வி வேறு: இன்னொரு ஐந்து பேரை எடுத்திருந்தால் சராசரி எவ்வளவு நகர்ந்திருக்கும்? 2.92-ஐ 5-இன் வர்க்கமூலமான 2.236-ஆல் வகுத்தால் 1.3. ஆட்களைக் கூட்டக் கூட்டத் திட்டப் பிழை சுருங்கும். திட்ட விலக்கம் அப்படிச் சுருங்காது, கூட்டத்தின் உண்மையான பரவலை ஒட்டியே நிற்கும். திட்டப் பிழையைப் பாதியாக்க ஆட்களை நான்கு மடங்காக்க வேண்டும். வர்க்கமூலத்தின் வேலை அது. வரைபடத்தில் சராசரிக்கு மேலும் கீழும் போடும் பிழைக்கோடு சின்னதாக, அழகாக இருக்கிறது என்பதற்காகத் திட்டப் பிழையைப் போட்டுவிட்டு, எது என்று எழுதாமல் விடுவது வாசகரை ஏமாற்றுவதுதான்.

அடுத்து 95% நம்பிக்கை இடைவெளி, அதாவது கூட்டத்தின் உண்மையான சராசரியை மதிப்பிட நாம் போடும் எல்லைகள். பழக்கதோஷத்தில் திட்டப் பிழையை 1.96-ஆல் பெருக்கி, சராசரி 8-இலிருந்து கழித்தும் அதோடு கூட்டியும் பார்த்தால் 5.4 முதல் 10.6 வரை வரும். ஐந்தே பேருக்கு இது மிகவும் குறுகல். பரவலையும் அதே சின்ன மாதிரியிலிருந்துதானே ஊகித்தோம்! கின்னஸ் மதுவடிப்பு ஆலையில் வேலைபார்த்த வில்லியம் கோசெட் இந்தச் சிக்கலைத்தான் 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதினார். 1.96-க்குப் பதிலாகச் சின்ன மாதிரிகளுக்குப் பயன்படும் எண்களைத் தருவது டி அட்டவணை. அதில் ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்த 4-க்கு எதிரே உள்ள எண் 2.776. அதை வைத்தால் 4.4 முதல் 11.6 வரை. "உண்மையான சராசரி இதற்குள் இருக்க 95% வாய்ப்பு" என்று இதை வாசிப்பது தவறு. இதே முறையில் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்தால், அப்படிக் கிடைக்கும் இடைவெளிகளில் சுமார் 95% உண்மைச் சராசரியைப் பிடிக்கும். 95% என்பது முறைக்குத் தரும் மதிப்பெண்.

மென்பொருளிலும் இதே வகுத்தல் பிரச்சினை ஒளிந்திருக்கிறது. பைத்தான் மொழியில் நம்பை என்ற நிரல் தொகுப்பு நாம் எதுவும் சொல்லாவிட்டால் 5-ஆல் வகுக்கும், பாண்டாஸ் என்ற தொகுப்பு 4-ஆல் வகுக்கும். ஒரே தரவுக்கு 2.61, 2.92 என்று இரண்டு விடை வந்தால் பதற வேண்டாம், நம்பையில் வகுக்கும் எண்ணில் எத்தனையைக் குறைப்பது என்று சொல்லும் டிடிஓஎஃப் மதிப்பை 1 என்று மாற்றுங்கள். ஆர் மொழியின் எஸ்டி கட்டளை மாதிரிக்கான கணக்கைத்தான் போடும். எக்செலில் எஸ்டிடெவ் என்பதற்குப் பின்னால் புள்ளி வைத்து எஸ் போட்டால் மாதிரிக்கு, பி போட்டால் முழுமைத் தொகுதிக்கு.