தண்ணீர்பள்ளியில் மூன்று நாள்

"முடிவு ஜெபம் நீங்க பண்ணிருங்க" என்று எங்கள் சர்ச் நிர்வாகம் பார்க்கிற சேகரக் கமிட்டியில் யாராவது சொன்னால் நான் யோசிப்பதே கிடையாது. கண்ணை மூடினால் வார்த்தை தானாக வரும். "சர்வ வல்லமையுள்ள தேவனே" என்று எடுத்து, பட்ஜெட் பற்றாக்குறை வரைக்கும் தொட்டுவிட்டு, மூன்று நிமிஷத்தில் ஆமென். கையில் மைக் இருந்தால் ஐந்து நிமிஷம்.

போன சித்திரையில் ஒரு துக்க வீட்டில் அப்படி ஜெபித்துக்கொண்டிருந்தபோதே, சர்ச் அசன விருந்துக்குப் பாத்திரம் வாடகைக்குச் சொல்லியாச்சா என்று மனசு ஒரு பக்கம் ஓடியது. வாய் பாட்டுக்கு ஜெபித்துக்கொண்டிருந்தது. ஆமென் சொன்னதும் இறந்தவருடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா ஜெபம் பண்ணுனீங்க மாமா" என்று அழுதாள். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. யாரும் கேட்காத இடத்தில் நான் கடைசியாக ஜெபித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். நாள் ஞாபகத்துக்கு வரவில்லை.

வி.பி.எஸ். என்கிற பிள்ளைகளின் விடுமுறை வேதப்பள்ளி முடிந்த மறுவாரம் கிளம்பினேன். குளித்தலை பக்கம் தண்ணீர்பள்ளியில் இருக்கிற சச்சிதானந்த ஆசிரமம் என்ற கத்தோலிக்க ஆசிரமம், சாந்திவனம் என்று சொல்வார்கள். வீட்டில் ஒரே கேள்விதான்: "அங்க விபூதி பூசுவாங்களாமே?" பூசுவார்கள்தான். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. நான் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கத்துப் பழைய சி.எஸ்.ஐ. புராட்டஸ்டன்ட் குடும்பம். சிலுவைக்கு மாலை போட்டாலே முகம் சுளிக்கிற தாத்தா மடியில் வளர்ந்தவன்.

திருச்சியிலிருந்து கரூர் பஸ். பெட்டவாய்த்தலை தாண்டினால் வலது பக்கம் வாழைத் தோட்டங்களுக்குப் பின்னால் காவிரி கூடவே வரும். வரும் என்று சொல்வது ஒரு பேச்சுக்கு. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறப்பதுதான் வழக்கம். நான் போனது மே கடைசி. ஆறு முழுக்க மணல், நடுவில் ஒரு கோடு தண்ணீர்.

ஆசிரம வாசலில் கோபுரம் மாதிரி ஒரு நுழைவு. மேலே மூன்று முகம் கொண்ட ஒரு உருவம், திரித்துவத்தைக் குறிக்கிறதாம். உள்ளே ஆலயமும் நம் ஊர்க் கோயில் அமைப்புதான். வெளிச்சமான மண்டபம், அதற்கப்பால் இருட்டான கருவறை, அங்கே ஒரு சின்ன விளக்கு. எனக்குக் கொடுத்த அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னல். போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். சேகர வாட்ஸ்ஆப் குழுவில் யார் என்ன கேட்பார்களோ என்று கொஞ்ச நேரம் கை அரித்தது.

பகல் ஜெபத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறதே, சற்று சாயலாம் என்று படுத்தேன். எழுந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. ஜெபம் போச்சு, மத்தியானச் சாப்பாடும் போச்சு. மூன்று நாள் ஜெபிக்க வந்த ஆள் முதல் மணிக்கே தூங்கிவிட்டேனே என்று வெட்கத்தோடு சாப்பாட்டுக்கூடம் பக்கம் போனேன். அங்கே சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மணி அடிச்சது காதுல விழலீங்களா?"

"இல்லக்கா, அசந்துட்டேன்."

"வர்றவங்கள்ல பாதிப் பேரு மொத நாளு இப்படித்தான். சோறு இருக்கு, சாப்புடுங்க. சாப்டுட்டு மறுபடி தூங்கணும்னாலும் தூங்குங்க."

தரையில் உட்கார்ந்து ரசம் சோறு தின்னும்போது வேதத்தில் வரும் எலியா தீர்க்கதரிசி ஞாபகம் வந்தது. சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, நான் சாகிறேன் என்ற மனுஷன். அவனிடம் வந்த தூதன் ஜெபம் பண்ணு என்று சொல்லவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தின்றான், திரும்பவும் படுத்துக்கொண்டான். இரண்டாவது தடவையும் தூதன் சொன்னது அதேதான். ஓரேப் மலையில் அந்த "அமர்ந்த மெல்லிய சத்தம்" கேட்டதெல்லாம் இதற்குப் பிறகு. ஓய்வுநாள் பள்ளியில் இருபது வருஷம் இந்தக் கதை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தூக்கத்தை இரண்டு வரியில் தாண்டிவிட்டு நேரே மலைக்குப் போய்விடுவேன்.

மறுநாளிலிருந்து ஒரு ஜெபத்தையும் விடவில்லை. காலையில் சந்தனம், மதியம் குங்குமம், மாலையில் விபூதி. சங்கீதம், வேத வாசிப்பு, கொஞ்சம் பஜனை, முடிவில் கருவறைக்கு ஆரத்தி காட்டி, அந்தத் தட்டு நம் முன்னால் வரும். மற்ற சமய நூல்களிலிருந்தும் வாசிப்பார்கள். அந்த முறை எனக்கு முழுக்க உடன்பாடு என்று சொல்ல மாட்டேன். சந்தனம் வாங்கிக்கொண்டேன், விபூதி வாங்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் மாணிக்கவாசகரை அங்கே வாசிப்பதற்கு முகம் சுளிக்க எனக்கு யோக்கியதை இல்லை. எங்கள் சாயர்புரத்தில் பள்ளி நடத்திய ஜி.யு.போப் ஐயர்தானே 1900-ல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்!

ஒரு நாளுக்கு மூன்று வேளை என்பது அந்த மண்ணிலேயே ஊறியிருக்கிறது. "காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தி ஈங்கோய்நாதர்" என்று அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கு. காலையில் குளித்தலைக் கடம்பவனநாதர், உச்சி வேளையில் ஐயர்மலை, சாயங்காலம் அக்கரையில் திருஈங்கோய்மலை. ஐயர்மலைக்கு மட்டும் 1017 படி. எங்கள் பக்கம் ஐயர் என்றால் குருவானவர். பெயரைக் கேட்டதும் எங்கள் ஐயர் அந்தப் படியேறுவதை நினைத்துத் தனியாகச் சிரித்தேன்.

ஆசிரமம் தொடங்கியது 1950-ல், இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். குளித்தலையில் பங்குச் சாமியாராக இருந்த ஜூல் மோன்ஷனன் ஒருவர், அவரோடு வந்து சேர்ந்த ஆன்றி லெ சோ இன்னொருவர். காவி கட்டிக்கொண்டார்கள். மோன்ஷனன் தன் பெயரைப் பரம அரூபி ஆனந்தம் என்று வைத்துக்கொண்டார். சீடர்கள் வருவார்கள் என்று காத்திருந்தார்கள். எதிர்பார்த்தபடி யாரும் வந்து நிலைக்கவில்லை. மோன்ஷனன் நோயோடு ஊருக்குத் திரும்பி 1957-ல் பாரிஸில் இறந்துபோனார். லெ சோ 1968-ல் வடக்கே இமயமலைப் பக்கம் போய்விட்டார். அதே வருஷம் கேரளத்துக் குரிசுமலையிலிருந்து பீட் கிரிபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவி வந்து பொறுப்பெடுத்தார். அதற்குப் பிறகுதான் உலகமெல்லாம் இந்த இடம் தெரிந்தது. 1993-ல் இறந்த அவருடைய கல்லறை ஆலயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

அங்கே நின்றபோது என் மனசு கல்லறைக்காரரை விட்டுவிட்டு மோன்ஷனனிடம் போனது. நான் வருஷா வருஷம் ஆண்டறிக்கை எழுதுகிறவன். ஞானஸ்நானம் இத்தனை, திடப்படுத்தல் இத்தனை, ஸ்தோத்திரப் பண்டிகை வசூல் இத்தனை. அந்த மனுஷன் ஏழு வருஷத்துக்கு எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? 'இருந்தோம், ஜெபித்தோம்.' எங்கள் கமிட்டியில் அதைப் படித்திருந்தால் இரண்டாவது வருஷமே இடத்தைக் காலி பண்ணச் சொல்லியிருப்போம். நானே தீர்மானத்தை முன்மொழிந்திருப்பேன்.

கடைசி நாள் இருட்டோடு எழுந்து ஆற்றுக்குப் போனேன். "அதிகாலையில், இருட்டோடே எழுந்து" என்று மாற்கு இயேசுவைப் பற்றி எழுதியிருக்கிறாரே, அதைச் செய்து பார்க்கலாமென்று. முந்தின நாள் சாயங்காலம் வரை கப்பர்நகூமில் வாசலடைக்க ஜனம். விடிந்ததும் பேதுரு தேடிக்கொண்டு வருகிறான், எல்லாரும் உம்மைத் தேடுகிறார்களே என்று. நம் ஊர்க் கமிட்டிக்காரன் குரல் அப்படியே.

மணல் ராத்திரிக் குளிரோடு இருந்தது. மண்டியிட்டேன். "சர்வ வல்லமையுள்ள" என்று உதடு தானாக அசைந்தது. நிறுத்தினேன். அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. கேட்பதற்கு ஆளில்லாவிட்டால் எனக்கு வாக்கியம் அமையவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. தூரத்தில் முசிறிப் பாலத்தில் ஒரு லாரி வெளிச்சம் ஊர்ந்துபோனது. ஒரு கொக்கு அந்தக் கோடு தண்ணீரில் வந்து நின்றது, மீன் கிடைக்கவில்லை, அப்படியே நின்றது. நானும் இருந்தேன். முழங்கால் வலித்ததும் சம்மணம் போட்டுக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. துக்க வீட்டில் அழுத அந்தப் பெண்ணின் முகம் வந்தது. அவளுக்காக ஒரு வார்த்தை சொன்னேன், அவள் பேர் மட்டும். ஆசிரமத்தில் மணி அடித்தது.

ஊருக்கு வந்து பத்து நாள் கழித்துக் கமிட்டி கூடியது. பாத்திர வாடகையில் ஆரம்பித்து ஒலிபெருக்கி பில் வரைக்கும் இரண்டு மணி நேரம். முடிவு ஜெபத்துக்கு என் பக்கம் திரும்பினார்கள். கண்ணை மூடினேன். உடனே வாய் திறக்கவில்லை. மின்விசிறிச் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். ஒரு நாற்காலி நகர்ந்தது. பக்கத்திலிருந்த பொருளாளர் அண்ணாச்சி, எனக்கு நெஞ்சு வலியோ என்னவோ என்று பயந்து, தோளைத் தொட்டு மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நான் பண்ணட்டுமா?"

"பண்ணுங்க அண்ணாச்சி" என்றேன்.