ஆல்ஃபிரட் வாலிஸ்: மளிகைக்கடை அட்டையில் ஒரு கடல்

ஆல்ஃபிரட் வாலிஸ் தீட்டிய கப்பல் ஒன்றை ஒரு கலைப் புத்தகத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது, ஏதோ ஒரு சிறுவன் வரைந்தது என்றே எண்ணினேன். கடல் சாம்பலும் வெள்ளையுமாகக் குழம்பியிருந்தது, கரையோர வீடுகள் சரிந்து நின்றன, படம் வரைந்த அட்டையே கோணல்மாணலாக வெட்டப்பட்டிருந்தது. ஆனால் பாய்களும் அவற்றைப் பிடித்திருந்த கயிறுகளும் கண்ணை நிறுத்தின. எந்தக் கயிறு எங்கே கட்டப்பட வேண்டும் என்பதைக் கையால் அறிந்த ஒருவர்தான் அப்படி வரைய முடியும். அவர் எழுபது வயதை ஒட்டித்தான் தூரிகையைத் தொட்டார் என்பது பின்னர் தெரிந்தது.

வாலிஸ் 1855-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்து, இளம் வயதிலேயே கடலுக்குப் போனவர். 1876-இல், இருபது வயதில், தம்மைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவரும் பிள்ளைகளுடைய விதவையுமான சூசன் என்பவரை மணந்தார். அதே ஆண்டில் பாய்மரக் கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்து இன்றைய கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து வரை சென்றார். அவர்களுக்குப் பிறந்த இரு குழந்தைகளும் கைக்குழந்தைகளாகவே இறந்தன. பின்னர் கரையோர மீன்பிடிப்பு. 1890-இல் கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் ஊருக்குக் குடிபெயர்ந்து, பழைய இரும்பு, பாய், கயிறு வாங்கி விற்கும் வியாபாரம். நம் ஊர் வழக்கில் சொன்னால், துறைமுகத்துக் காயலான் கடை. 1922-இல் சூசன் இறந்தபின் தனித்துப்போன கிழவர், சில ஆண்டுகள் கழித்து, துணைக்காகவே படம் வரையத் தொடங்கினார்.

ஓவியக் கடைகளில் விற்கும் கித்தானும் வண்ணமும் அவருக்குத் தேவைப்படவில்லை. மளிகைக் கடைக்காரர் கொடுத்த அட்டைப்பெட்டிகளைத் துண்டாக்கி, படகுகளுக்கும் வீடுகளுக்கும் அடிக்கும் பெயின்டைக் கொண்டு வரைந்தார். அட்டை எந்த வடிவில் கிடைத்ததோ அந்த வடிவுக்கேற்பக் கப்பலும் அலையும் சாய்ந்தன. பல படங்களில் அட்டையின் பழுப்பு நிறத்தையே தீட்டாமல் விட்டு, அதையே மணலாகவோ வானமாகவோ ஆக்கியிருப்பார். கறுப்பு, கரும்பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை என்று சில நிறங்களே போதுமாயிருந்தன. வெயில் இல்லாத நாளில் அந்தக் கடலைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சாம்பலும் வெள்ளையும் எவ்வளவு உண்மையானவை என்று தெரியும். கடும் பக்தரான அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தூரிகையைத் தொடமாட்டார். படங்களையும் செய்தித்தாளால் மூடிவிடுவார்.

விமர்சகர்கள் இவரை ‘நயீவ்’ ஓவியர் என்று வகைப்படுத்துகிறார்கள். வெள்ளந்தி ஓவியர் என்று தமிழில் சொல்லலாம். அந்தச் சொல்லை முழுமையாக ஏற்க என் மனம் ஒப்பவில்லை. அவர் படங்களில் ஒரு மீன் படகளவு பெரிதாக இருக்கும், ஒரு கப்பல் ஊரையே சிறிதாக்கிவிடும், துறைமுகம் வானத்திலிருந்து பார்த்ததுபோல விரிய, அதனுள் நிற்கும் படகுகள் பக்கவாட்டில் தெரியும். தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரிய வேண்டும் என்ற விதியைப் பள்ளியில் கற்காதவர் என்பது உண்மைதான். ஆனால் மாலுமிக்கு எது உயிரைக் காக்கிறதோ, எது வயிற்றை நிரப்புகிறதோ, அதுவே பெரிது. இருட்டில் கரைதேடி வருபவனுக்குக் கலங்கரை விளக்கம் ஒருபோதும் சிறியதாக இருந்திருக்காது.

1928-இல் பென் நிக்கல்சன், கிறிஸ்டோபர் வுட் என்ற இரு இளம் ஓவியர்கள் செயின்ட் ஐவ்ஸ் தெரு ஒன்றில் நடந்துபோகும்போது, திறந்திருந்த கதவின் வழியே, சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்த படங்களைக் கண்டு உள்ளே போனார்கள். ஓவியம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்த விடையை ஒரு முதியவர் கேளாமலே தந்துவிட்டார். அவர்கள் மூலம் அறிமுகமான, லண்டனின் டேட் கலைக்கூடத்தில் பணியாற்றிய ஜிம் ஈட், தபாலில் கட்டுக்கட்டாக வந்த படங்களைச் சில ஷில்லிங் விலைக்கு வாங்கிச் சேர்த்தார். ஈட் வாழ்ந்து, பின்னர் கலைக்கூடமாகிய கேம்பிரிட்ஜின் கெட்டில்ஸ் யார்ட் இல்லத்தில் இன்று நூற்றுக்கு மேற்பட்ட வாலிஸ் படங்கள் இருப்பது அவரால்தான்.

ஈடுக்கு எழுதிய கடிதத்தில் வாலிஸ், தாம் பெரும்பாலும் நினைவிலிருந்தே வரைவதாகவும், எல்லாம் மாறிவிட்டதால் அவற்றை இனி நாம் காணாமலே போகலாம் என்றும் எழுத்துப் பிழைகளோடு சொல்கிறார். பாய்மரக் காலம் முடிந்து நீராவிக் கப்பல்கள் வந்துவிட்டன. மத்தி மீன் கூட்டங்களை வளைத்துப் பிடித்த பெருவலைத் தொழிலும் நலிந்தது. கண்ணெதிரே நடந்ததையும் அவர் விடவில்லை: 1938 ஜனவரியில் ஊர்க் கடற்கரையில் ‘ஆல்பா’ என்ற நீராவிக் கப்பல் தரைதட்டி உடைந்தபோது அதையும் வரைந்தார்.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. பெரிய ஓவியர்கள் கொண்டாடிய இந்த மனிதர், தள்ளாமை வந்தபோது பென்சான்ஸ் அருகே மட்ரனில் இருந்த ஏழைகள் விடுதியில் சேர்க்கப்பட்டு, 1942 ஆகஸ்ட் 29-ஆம் நாள் அங்கேயே இறந்தார். அநாதைப் பிணமாகப் புதைக்கப்படாமல் நண்பர்கள் தடுத்தார்கள். செயின்ட் ஐவ்ஸின் போர்த்மியோர் கடற்கரையைப் பார்த்திருக்கும் கல்லறையின் மேல் மட்பாண்டக் கலைஞர் பெர்னார்ட் லீச் செய்த ஓடுகள் பதிக்கப்பட்டன. அவற்றில் பிரம்மாண்டமான கலங்கரை விளக்கின் அடியில் ஊன்றுகோலுடன் மிகச் சிறிய ஒரு மனிதர் வாசற்படி ஏறுகிறார். அளவுகளை வாலிஸ் வைத்திருக்கக்கூடிய விதத்திலேயே லீச் வைத்திருக்கிறார்.

மட்ரனில் இருந்த கடைசி மாதங்களில் நண்பர்கள் கொடுத்த குறிப்பேடுகளில் அவர் பக்கம் பக்கமாக வரைந்துகொண்டிருந்தார். கடலைவிட்டு விலகி அந்த விடுதியில் அடைந்துகிடந்த மனிதரின் ஏடுகளில், பாய் விரித்த கப்பல்கள் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.