'உலகம்' என்று எழுதாதீர்கள்: ருவாண்டாவைப் படித்த அனுபவம்

முதுகலை வரலாற்றில் இனப்படுகொலை பற்றிய தாளுக்கு நான் எழுதிய முதல் கட்டுரையில், 1994-இல் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் சிறுபான்மை டுட்சி மக்கள், பெரும்பான்மை ஹூட்டு இனத் தீவிரவாதிகளால் கொல்லப்பட்டபோது உலகம் வேடிக்கை பார்த்தது என்றொரு வரி இருந்தது. பேராசிரியர் 'உலகம்' என்ற சொல்லை வட்டமிட்டு, ஓரத்தில் 'யார்? எந்தத் தேதியில்?' என்று எழுதியிருந்தார். இந்தத் தாளைப் படிக்கப்போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியதெல்லாம் அந்த இரு கேள்விகளிலிருந்து கற்றதுதான்.

முதலில் ஒரு தேதி அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே யாருக்கு என்ன தெரிந்திருந்தது, அவரால் என்ன செய்ய முடிந்திருக்கும் என்று எழுதுங்கள். ஜனவரி 11 அன்று ஐ.நா. அமைதிப்படைத் தளபதி ரோமியோ டலேர், ஆயுதங்கள் பதுக்கப்பட்டிருப்பதையும் அவற்றைக் கைப்பற்றத் தாம் எண்ணியிருப்பதையும் நியூயார்க்கிற்குத் தெரிவித்தார், தலைமையகம் தடுத்துவிட்டது. ஏப்ரல் 6 அன்று ருவாண்டா அதிபரின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் அமைதிப்படையிலிருந்த பெல்ஜிய வீரர் 10 பேர் கொல்லப்பட்டனர். ஏப்ரல் 11 அன்று தலைநகர் கிகாலியில் ஒரு தொழிற்பள்ளியில் ஏறத்தாழ 2,000 பேர் தஞ்சமடைந்திருக்க, அங்கே காவலிருந்த பெல்ஜிய வீரர்கள் வெளியேறினார்கள். தஞ்சம் புகுந்தவர்களில் பெரும்பாலோர் அன்றே கொல்லப்பட்டார்கள். ஏப்ரல் 21 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை, ஏறத்தாழ 2,500 பேர் கொண்டிருந்த அமைதிப்படையை 270 ஆகக் குறைக்கத் தீர்மானித்தது. அந்த அவையில் ருவாண்டா அரசும் அப்போது ஓர் உறுப்பினர். இவற்றை வரிசையாக எழுதிய பிறகுதான், நான் 'வேடிக்கை' என்று எழுதிய இடத்தில் கை உயர்த்தி வாக்களித்தவர்கள் இருந்தார்கள் என்பது எனக்கு உறைத்தது.

அடுத்த கட்டுரையில் வேறொரு பிழை செய்தேன்: தூதர்களையும் கிராமத்து அண்டை வீட்டாரையும் ஒரே தட்டில் வைத்துவிட்டேன். பெல்ஜிய ஆட்சி 1930-களில் கொண்டுவந்த, இனத்தைக் குறிக்கும் அடையாள அட்டை, சாலைத் தடுப்புகளில் ஒருவரின் உயிரைத் தீர்மானித்தது. வானொலி கொலைக்குத் தூண்டிக்கொண்டிருந்தது. கொலைகளுக்கு உடன்பட மறுத்த ஹூட்டுக்களும் கொல்லப்பட்டார்கள். அந்த நிலையில் கதவைத் திறக்காத ஒருவரை, பாதுகாப்பான நகரத்தில் கூட்டம் நடத்தியவரோடு சேர்த்து எடைபோட எனக்கு இப்போது மனம் வருவதில்லை. ஆயினும் அதே ஆபத்துக்கு நடுவில், நாட்டு வைத்தியம் செய்த ஜூரா கருஹிம்பி என்ற மூதாட்டி, ஆவிகளை ஏவிவிடுவேன் என்று கொலைகாரர்களை மிரட்டி, நூறு பேருக்கும் மேல் தம் வீட்டில் மறைத்துக் காத்ததாகச் சொல்லப்படுகிறது. ஐ.நா. படையிலிருந்த செனகல் கேப்டன் ம்பாயே டியான், தடுப்புகளைக் கடந்து பலரை அழைத்துச் சென்று காத்து, மே 31 அன்று குண்டு வீச்சில் இறந்தார். ஆறுதலுக்காக மட்டும் இவர்களை விடையின் இறுதியில் ஒட்டவைக்காதீர்கள். வேறு வழியே இல்லை என்று மற்றவர்கள் சொன்ன காரணத்தைச் சோதிக்க இவர்கள் வேண்டும்.

சொல்லாட்சியிலும் கவனம் தேவை. 1948-ஆம் ஆண்டு ஐ.நா. இனப்படுகொலை உடன்படிக்கை, ஒரு குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தை வரையறையின் மையத்தில் வைக்கிறது. 1994-இல் அமெரிக்க அதிகாரிகள் 'இனப்படுகொலை' என்ற சொல்லை வாரக்கணக்கில் தவிர்த்ததை இதனோடு இணைத்து எழுதுங்கள். சொன்னால் செயல்பட வேண்டியிருக்கும் என்ற அச்சம் அதில் இருந்தது. இறந்தோர் எண்ணிக்கைக்கு மதிப்பீடுகள் வேறுபடுகின்றன; 5 லட்சம் முதல் 8 லட்சத்திற்கு மேல் என்று எழுதுவதே நேர்மை.

உயிர் பிழைத்தவர்களின் வாக்குமூலங்களை இரவில் தனியாக, ஒரே மூச்சில் படிக்காதீர்கள். நான் அப்படிப் படித்துப் பல நாள் எதுவும் எழுத முடியாமல் இருந்தேன். பிறகு தோழி ஒருத்தியுடன் பகலில், ஒரு நாளைக்கு ஒருவரின் வாக்குமூலம் என்று படித்து முடித்தோம்.