பழ வாசம்

கார்த்திகை மாசத்தில் ஏது மாம்பழ வாசம்?

காந்திபுரத்தில் பேக்கரி வாசலில் டீயோடு திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு தம்பி. கைக்குள் பென் டிரைவ் மாதிரி ஒன்று. வேப், அதாவது நிக்கோடின் திரவத்தை ஆவியாக்கி இழுக்கும் மின் சிகரெட்.

"தொண்டை காறாதா கண்ணு?"

"இல்லீங்ணா, மேங்கோ இனிப்பா இருக்கும். புதினான்னா இன்னும் ஜில்லுனு இருக்குமுங்க."

பேசியதெல்லாம் ருசிதான். நிக்கோடின் என்ற பேச்சே வரவில்லை.

நிக்கோடின் காறும், கசக்கும். பழ இனிப்பு கசப்பை மறைக்கும், புதினாவில் இருக்கும் மென்தாலின் குளிர்ச்சி காறலை அமுக்கும். முதல் பீடியில் இருமித் தூக்கிப்போட்டு அதோடு தப்பித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த இருமலைத்தான் ருசி தள்ளி வைக்கிறது.

இங்கே 2019-லேயே வேப் விற்பனைக்கு நாடு முழுக்கத் தடை. (எங்கே வாங்கினான் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.) அமெரிக்காவில் 2020-ல் கார்ட்ரிட்ஜ் (மாற்றிப் போடும் திரவக் குப்பி) வகைகளில் பழ ருசிகள் மேல் கை வைத்தார்கள். புகையிலை ருசியையும் மென்தாலையும் விட்டுவிட்டார்கள்.

மென்தாலை ஏன் விட்டார்களோ!